உயில் இல்லாவிட்டால் யாருக்குப் போகும்?

திருமணமான மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணைத் துரத்திவிட்டார்கள். பிறந்த வீடு படிக்க வைத்தது. வேலைக்குப் போனார், சம்பாதித்தார். 1996-ல் உயில் எழுதாமல் இறந்தபோது வங்கிப் பணமும் சேமநல நிதியும் இருந்தன. அவை யாருக்கு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009-ல் வந்த தீர்ப்பு: கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு. தாய் வீட்டாருக்கு ஒன்றுமில்லை.

நெஞ்சு பதறுகிறது. ஆனால் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிள்ளையில்லாத விதவையின் சுயசம்பாத்தியம் முதலில் கணவர் வழி வாரிசுகளுக்கே. பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும் தந்தை வழிக்குத் திரும்பும்.

திருமணமாகாத ஆணுக்குக் கணக்கு வேறு. தாய் இருந்தால் எல்லாம் அவருக்கு, இல்லையென்றால் தந்தைக்கு, அவரும் இல்லையென்றால் உடன்பிறந்தோருக்கு. கடைசிவரை மருந்து மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டவள் இறந்துபோன அக்காவின் மகளாக இருக்கலாம். பேசியே பல வருடமான தம்பி ஒருவர் உயிரோடு இருந்தால் போதும், அவளுக்குச் சல்லிக்காசு கிடையாது.

"அவளைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேனே" என்பார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்றவர், உரிமையாளர் அல்லர். பங்குகள் விஷயத்திலும் 2023-ல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், துணைவர், பிள்ளைகளை நியமித்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். அக்கா மகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அதில் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். உங்களைவிட இளையவர்களாகப் பார்த்துப் போடுங்கள், நாளை நீதிமன்றத்தில் பேச அவர்கள் இருக்க வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே நல்லது. தனித்து வாழ்பவரின் உயிலைத்தான் உறவினர்கள் அதிகம் சந்தேகிப்பார்கள். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இஸ்லாமியர்களுக்கு மட்டும் விதி வேறு: பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் செல்லாது.

உயிலுக்குப் பதிலாக தான செட்டில்மென்ட் செய்யச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் நிதானியுங்கள். பதிவான அன்றே வீடு கைமாறிவிடும். எழுதியே ஆகவேண்டுமென்றால், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அதை மீறினால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி, 60 வயதைக் கடந்தவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதே சட்டத்தில் பலருக்கும் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. பிள்ளையில்லாத முதியவரின் சொத்தை அனுபவிக்கிற, அல்லது பின்னாளில் அடையப்போகிற வாரிசு உறவினர், வசதி இருந்தால் அவருக்கு ஜீவனாம்சம் தர வேண்டும்.

உயில் இறந்த பிறகுதான் பேசும். நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும்போது யார் முடிவெடுப்பது? பவர் பத்திரம் உதவாது. எழுதியவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தால் அதுவும் முடிந்துபோகும். குணமாக வாய்ப்பில்லாத நிலையில் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்று. அதன் நகலை நம்பிக்கையானவரிடமும் குடும்ப மருத்துவரிடமும் இப்போதே கொடுத்துவையுங்கள்.