கல்லாவும் கணினியும் – 6: விற்றதை எழுத வேண்டாம்

விற்பனைக் கணக்குக்கு ஒரு வலைச்செயலி என்றதும் பெரும்பாலோர் முதலில் வரைவது ஒரே திரையைத்தான். பொருள், எடை, விலை, கீழே ‘சேமி’ என்று ஒரு பொத்தான். சூப்பர் மார்க்கெட்டுக்கு அது சரி. கோயம்பேடு சந்தையில் சரக்கெடுத்து வந்து தெருமுனையில் காய் விற்கும் அக்காவுக்கு அது உதவாது.

காலைக் கூட்டத்தில் ஒருவர் கால் கிலோ வெண்டைக்காய் கேட்பார். இன்னொருவர் இருபது ரூபாய்க்கு ஒரு கூறு தக்காளி அள்ளிக்கொண்டு, கறிவேப்பிலை கொசுறு கேட்டு நிற்பார். தண்ணீர் தெளித்த ஈரக்கையோடு போனைத் தொட்டால் திரையும் சொன்னபடி கேட்காது. காலையில் கிலோ நாற்பதுக்குப் போன தக்காளி இருட்டியதும் இருபத்தைந்துக்கு இறங்கிவிடும். இதை வரிவரியாகப் பதியச் சொல்வது அவருக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலை கொடுப்பது. புதிய காய்கறிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. வரிக்காக பில் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே விற்றதை எழுத வேண்டாம். வாங்கியதையும் மிஞ்சியதையும் எழுதினால் போதும், விற்பனையைச் செயலியே கண்டுபிடிக்கட்டும். காலையில் மூன்று கேள்வி: சரக்கு எவ்வளவுக்கு, வண்டிக்கூலி எவ்வளவு, கல்லாவில் போட்ட சில்லறை எவ்வளவு? கடை கட்டும்போது நான்கு: கல்லாவில் என்ன இருக்கிறது, யூபிஐயில் என்ன வந்தது, நடுவில் கல்லாவிலிருந்து எடுத்தது எவ்வளவு, மீதிச் சரக்கு எவ்வளவு பெறும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சரக்கு 2,400, ஆட்டோ 150, சில்லறை 300. ராத்திரி கல்லாவில் 2,650, யூபிஐயில் 900. நடுவில் தண்டலுக்கு (தினத்தவணைக் கடனுக்கு) 100, டீ டிபனுக்கு 60 எடுத்திருக்கிறார். கல்லாவில் சில்லறையைக் கழித்து, மற்றவற்றைக் கூட்டினால் விற்பனை 3,410. சரக்கும் ஆட்டோவும் போக 860. மிஞ்சிய காய் நாளைக்கு 250 பெறும் என்றால் இன்றைய லாபம் 1,110. முந்தின நாள் மீதி இருந்தால் அதைக் கழிக்க வேண்டும். அழுகியதைத் தனியே கேட்கத் தேவையில்லை. மீதியில் சேராததால் தானே கழிந்துவிடும்.

‘நடுவில் எடுத்தது’ என்ற கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் செயலியின் உயிரே அதுதான். தண்டலில் 10,000 என்று பேசி, 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது பழகிய வழக்கம். அசல் நாளுக்கு நாள் குறைவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. கல்லாவிலிருந்து போகும் அந்த நூறைச் செலவோடு கலந்துவிட்டால் வியாபாரம் நஷ்டம்போலத் தெரியும். எழுதாமலே விட்டால் விற்பனை குறைந்தது போலத் தெரியும். இரண்டுமே பொய். அதைத் தனிக் கட்டமாக வையுங்கள்.

இனி நிரல். தொகையை ரூபாயில் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாகச் சேமியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. அதைவிட மோசமான பொறி தேதி. தேதியை உலகப் பொது நேரமான யூடிசியில் எடுத்தால், நம் ஊரில் காலை ஐந்தரைக்குத்தான் நாள் மாறும். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் வாங்கிய சரக்கு நேற்றைய கணக்கில் போய் விழும். நேற்று நஷ்டம், இன்று கொள்ளை லாபம் என்று செயலி கூசாமல் சொல்லும். ராத்திரி பதினொன்றுக்கே சரக்கெடுப்பவரும் உண்டு என்பதால், ‘எந்த நாள் வியாபாரத்துக்கு?’ என்று கேட்டுவிடுவதே நல்லது.

சந்தைக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பதிவு முதலில் போனிலேயே, உலாவிக்குள் இருக்கும் இண்டெக்ஸ்டு டிபியில் தங்கட்டும். இணைப்பு வந்ததும் சர்வருக்குப் போகட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணைப் போனே கொடுத்துவிட்டால், அனுப்பியதையே இரண்டாம் முறை அனுப்பினாலும் சர்வரில் இரட்டிக்காது.

அடுத்த வாரம் இதற்கான அட்டவணைகளை எஸ்க்யூலைட்டில் எழுதுவோம். அதற்குள், நீங்கள் வாடிக்கையாகக் காய் வாங்கும் கடையில் அனுமதி கேட்டு, இந்த ஏழு எண்களையும் ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். அவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.