கேசட் விளையாட்டும் பழைய டிவியும்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் வீட்டு வீடியோ கேம் கருவி, 1990களில் மயிலாப்பூர் வீடுகளுக்குப் பெரும்பாலும் நகல்களின் வடிவிலேயே வந்து சேர்ந்தது. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கப்பட்ட அக்கருவிகளை மக்கள் 'டிவி கேம்' என்றும், விளையாட்டு நிரல் பதிந்த சில்லைத் தாங்கிய பிளாஸ்டிக் பெட்டியைக் 'கேசட்' என்றும் அழைத்தனர். நகல் என்பதற்காக அவற்றை ஒதுக்குவது சரியன்று. ஒரு தலைமுறை 'மாரியோ', 'கான்ட்ரா' ஆகியவற்றை அறிந்தது அவற்றின் வழியாகத்தான்.

இன்று அவற்றைச் சேகரிப்போர் முதலில் கவனிக்க வேண்டியது கேசட்டின் அடியில் வரிசையாக அமைந்த 60 உலோக முனைகளை. அவற்றில் அழுக்குப் படிந்தால் படம் சிதறும். அந்நாளைய வழக்கப்படி வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் உலோகத்தை அரிக்கும் என்பதால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மென்மையாகத் துடைத்து உலரவிடுவதே முறை.

வாத்து சுடும் விளையாட்டின் துப்பாக்கி வியப்புக்குரியது. அது எதையும் சுடுவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்கட்டமாக ஒளிர, குழலுக்குள் உள்ள ஒளியுணரி அவ்வொளியைக் கண்டால் குறி தப்பவில்லை என்று கருவி முடிவு செய்கிறது. படக்குழாய் டிவியின் உடனடி ஒளிர்வை நம்பியே இந்நுட்பம் அமைந்ததால், படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டும் தட்டைத் திரைகளில் அத்துப்பாக்கி வேலை செய்யாது. ஆகவே, பரணில் கிடக்கும் பழைய டிவி இன்னும் இயங்குமானால், அதை எடைக்குப் போடாமல் சேகரிப்பாளர் ஒருவரிடம் கொடுங்கள்.