தாழ்ப்பாள் ரூடி

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமாவடிப் பாலத்தால் மைதானத்துக்கு ஓடும் வாழைச்சேனைப் பிள்ளைகள் அறியவேண்டிய பெயர், ரூடி கூட்டென்டோர்ஃப். 1926இல் ஜேர்மனியின் கோப்லென்ஸ் நகரில் பிறந்து, அங்குள்ள நொய்யென்டோர்ஃப் கழகத்துக்கு உதைபந்து ஆடியவர். பயிற்றுவிப்பாளராகி, 1964இல் மைடெரிஷ் அணியை ஜேர்மனியின் தேசிய லீக்கான புண்டெஸ்லீகாவின் முதலாவது பருவத்தில் இரண்டாமிடத்துக்குக் கொண்டுவந்தார். எதிரணி நுழைய முடியாதபடி கோல் வாசலை அடைத்து ஆடவைத்ததால் ‘தாழ்ப்பாள் ரூடி’ என்றே பட்டப்பெயர். பிறகு சிலி, அவுஸ்திரேலியா, நேபாளம் என்று 5 கண்டங்களில் 50க்கும் மேற்பட்ட அணிகளுக்குப் பயிற்சியளித்தார்; அது கின்னஸ் சாதனை. அதையெல்லாம்விடப் பெரியது ருவாண்டா. 1994 இனப்படுகொலையின் காயம் ஆறாத அந்த நாட்டில், ஹூட்டு, டுட்சி ஆகிய இரு இன இளைஞர்களை ஒரே அணியில் சேர்த்து ஆடவைத்தார். அப்போது அவருக்கு வயது 70ஐத் தாண்டியிருந்தது.