மலையில் தங்கும் இல்லங்கள்: வருவாய் யாருக்கு?

புது தில்லி: கோடை விடுமுறை வந்தால் தில்லிக் குடும்பங்கள் பல, குமாவோன் மலைக் கிராமங்களை நாடுகின்றன. உற்றார் உறவினரோடு ஒரே வீட்டில் தங்கி, அங்கு சமைத்த கேழ்வரகு ரொட்டியை உண்பதில் ஒரு நிறைவு.

இத்தகைய இல்லங்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அறிவிப்பு நல்லதே. பயன் யாருக்கு?

உரிமையாளர் குடும்பத்துடன் அங்கேயே வசிக்க வேண்டும். அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது என்பது மத்திய சுற்றுலா அமைச்சகத் திட்டத்தின் விதி. நகரத்துச் செல்வர் மாளிகை கட்டி, காவலாளியை அமர்த்திவிட்டு அதையே 'கிராமத்து வீடு' என்று வாடகைக்கு விட்டால், ஊருக்கு மிஞ்சுவது காவலாளியின் சம்பளமே. பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறியதால், 2011-க்குப் பின் 734 கிராமங்கள் ஆளற்றுப் போயின என்று 2018-ல் உத்தரகண்ட் இடம்பெயர்வு ஆணையம் கூறிய மாநிலம் இது.

பித்தோராகட் மாவட்டத்துச் சர்மோலியில் நிலைமை வேறு. அங்கு பெண்களே தம் வீட்டு அறைகளை விருந்தினருக்குத் திறந்துவிட்டனர். சமையலும் வரும்படியும் அவர்களுடையவை. 2023-ல் நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமமாக மத்திய அரசு அதைத் தேர்வு செய்தது.

வெளிமாநிலத்தவர் 11 மாவட்டங்களில் விவசாய நிலம் வாங்குவதற்குத் தடை விதித்து 2025-ல் மாநிலப் பேரவை சட்டம் இயற்றியுள்ளது. கடன் மனுவைப் பரிசீலிக்கும் வங்கி மேலாளரும், மனுதாரர் அவ்வீட்டில் குடியிருக்கிறாரா என்று விசாரிப்பாரா?