தர்மத்துக்கும் ஒரு தேதி உண்டு

தில்லியில் ஒரு நாற்சந்திக்கு வருமான வரி அலுவலகத்தின் பெயரே நிலைத்துவிட்டது. ஆட்டோக்காரரிடம் 'ஐ.டி.ஓ.' என்றால் போதும், வேறு விலாசம் தேவையில்லை. மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்தான். அங்கிருந்து சிறிது தூரத்தில், இந்திரப்பிரஸ்த மார்க்கில், நாட்டின் ஆடிட்டர்களுக்கெல்லாம் தாய்வீடான இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் இருக்கிறது. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் இந்தப் பக்கம் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு ரூபாய்கூட வரி கட்டத் தேவையில்லாத தொண்டு அமைப்புகளுக்குத்தான் தேதி தவறினால் இழப்பு அதிகம்.

தில்லித் தமிழர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. மாற்றல் உத்தரவோடு ரயிலேறி வந்தவர்கள் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தில் வளர்ந்தவைதான் இங்குள்ள தமிழ்ப் பள்ளிகளும், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரும், 1946-இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கமும். பெரிய அமைப்புகளுக்கு அலுவலகம் உண்டு, சம்பளத்துக்குக் கணக்காளர் உண்டு. என் கவலையெல்லாம் வெளியே பெயர் தெரியாத சின்ன அமைப்புகளைப் பற்றித்தான். ஏழை மாணவர்களுக்குக் கட்டணம் கட்டும் நிதி, வாரம் ஒருநாள் இலவச மருத்துவம் பார்க்கும் சங்கம் போன்றவை. பொருளாளர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற ஒருவர். ரசீதுப் புத்தகமும் வவுச்சர் கட்டும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அமைப்பின் கணக்கும் அதோடு படுத்துவிடும்.

விலக்கு தானாக வருவதில்லை

"நமக்குத்தான் வரி விலக்கு இருக்கிறதே, பிறகு எதற்கு ரிட்டர்ன்?" சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. விலக்கு உண்மைதான். ஆனால், ஒருமுறை பதிவு செய்துவிட்டால் காலத்துக்கும் நிற்கிற உரிமை அல்ல அது. ஆண்டுதோறும் நிபந்தனைகளை நிறைவேற்றி வாங்க வேண்டியது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, அமைப்பு தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். விலக்கு கணக்கிடுவதற்கு முன் வருமானம் வரிவரம்பைத் தாண்டினால் தணிக்கை வேண்டும். ரிட்டர்னை உரிய காலத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2018-19 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விலக்குக்கான நிபந்தனையாகவே ஆகிவிட்டது.

தவறினால் என்ன ஆகும்? ஒரு சங்கத்துக்கு ஆண்டில் 40 லட்சம் ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் 24 லட்சம், ஆம்புலன்ஸ் வாங்க 16 லட்சம். முழுப் பணமும் நல்ல காரியத்துக்கே போயிற்று. ரிட்டர்ன் காலத்தில் போயிருந்தால் வரி இல்லை. போகாவிட்டால், நடைமுறைச் செலவை மட்டுமே கழித்துக்கொள்ளலாம். சொத்து வாங்கிய செலவைக் கழிக்க முடியாது. ஆம்புலன்ஸுக்குப் போன 16 லட்சம் சட்டத்தின் கண்ணில் வருமானமாகிவிடும். வண்டி தெருவில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். அதன் விலைக்கு வரி கேட்டு வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து நோட்டீஸ் வரும்.

ஐந்து தேதிகள்

மார்ச் 31-இல் முடியும் கணக்காண்டுக்கு, வழக்கமான நாள்காட்டி இது.

மே 31: நன்கொடையாளர் பட்டியல், படிவம் 10பிடி. கொடுப்பவருக்கு வரிச்சலுகை பெற்றுத்தரும் 80ஜி ஒப்புதல் உள்ள அமைப்பு, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அடையாள எண்ணோடு சேர்த்துத் தர வேண்டும். அதிலிருந்துதான் கொடுத்தவருக்கான 10பிஇ சான்றிதழ் உருவாகும். பட்டியல் போகாவிட்டால், நம்மை நம்பிக் கொடுத்தவரின் சலுகை சிக்கலில் மாட்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் 10,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் இடமுண்டு.

ஆகஸ்ட் 31: செலவு 85 சதவீதத்தை எட்டாதபோது, மீதியைக் குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்து ஆண்டுவரை சேர்த்துவைக்க அனுமதி உண்டு. அதைத் தெரிவிப்பது படிவம் 10. ரிட்டர்ன் கெடுவுக்குள் கொடுத்தால் சலுகை மறுக்கப்படாது என்று நேரடி வரிகள் வாரியம் 2023-இல் விளக்கம் அளித்திருக்கிறது. ஆனாலும் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுவது நல்லது. ஆடிட்டருக்கு அது தேவை.

செப்டம்பர் 30: தணிக்கை அறிக்கை. வருமானம் 5 கோடியைத் தாண்டினாலோ வெளிநாட்டு நன்கொடை வந்திருந்தாலோ 10பி. மற்றவர்களுக்குப் பொதுவாக 10பிபி. பலர் சறுக்கும் இடம் இதுதான். ஆடிட்டர் வருமான வரிப் போர்டலில் ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. அமைப்பின் பொறுப்பாளர் தன் கணக்கில் நுழைந்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை அறிக்கை தாக்கலானதாகக் கணக்கில்லை. டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகிவிட்டது, பழைய செயலாளரின் கைபேசிக்கு ஓ.டி.பி. போகிறது என்பதெல்லாம் கடைசி இரவில்தான் தெரியவரும்.

அக்டோபர் 31: தணிக்கைக்குட்பட்ட அமைப்புகள் ஐ.டி.ஆர்.-7 ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள். தாக்கல் செய்து 30 நாளுக்குள் சரிபார்ப்பும் முடிய வேண்டும்.

டிசம்பர் 31: தாமதக் கட்டணத்தோடு ரிட்டர்ன் போட்டு விலக்கைக் காப்பாற்றிக்கொள்ளக் கடைசி வாய்ப்பு. வெளிநாட்டு நன்கொடை பெறுகிறவர்கள் உள்துறை அமைச்சகத்துக்கு எஃப்.சி.-4 ஆண்டறிக்கை கொடுக்க வேண்டிய நாளும் இதுவே. வெளிநாட்டிலிருந்து பணமே வராத ஆண்டுக்கும் 'இல்லை' என்று அறிக்கை தர வேண்டும்.

இந்த ஐந்துக்கும் முன்னால், அமைதியாகக் கடந்துபோகும் மார்ச் 31 இருக்கிறது. 2022 முதல், உண்மையில் பணம் கைமாறினால்தான் செலவு. பில் வந்து பணம் கொடுக்காமல் இருந்தால் அது 85 சதவீதக் கணக்கில் சேராது. மார்ச் மாதம் மருந்துக்கடை பாக்கியைத் தீர்க்காத சங்கம், அக்டோபரில் அதன் வலியை உணரும்.

திரும்பி வந்த கடிதங்கள்

வெளிநாட்டு நன்கொடை பெறும் எந்த அமைப்புக்கும் தில்லிதான் வாசல். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நாகப்பட்டினத்துக் கிராமத்தில் பள்ளி நடத்தினாலும் அந்தப் பணம் முதலில் சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும்.

இந்தச் சட்டத்தின் அண்மை வரலாறு, தேதியை அலட்சியம் செய்தவர்களுக்கு ஒரு பாடம். 2009-10 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டறிக்கை தராத 10,343 அமைப்புகளுக்கு 2014 அக்டோபரில் உள்துறை அமைச்சகம் நோட்டீஸ் அனுப்பியது. பதில் சொன்னவை 229 மட்டுமே. 2015-இல் 8,975 அமைப்புகளின் பதிவு ரத்தானது. அவற்றில் 510 அமைப்புகளுக்குப் போன நோட்டீஸ், வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தது. வீடு மாறியிருக்கலாம், செயலாளர் மாறியிருக்கலாம்; விலாசத்தை மாற்றிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 2019-இலும் ஆண்டறிக்கை தராததற்காக 1,800-க்கும் மேற்பட்ட பதிவுகள் போயின.

2022 புத்தாண்டு அன்று ஏறக்குறைய 6,000 அமைப்புகள் எஃப்.சி.ஆர்.ஏ. பட்டியலிலிருந்து விழுந்தன. சில புதுப்பிப்பு விண்ணப்பங்களை அரசே நிராகரித்தது. அந்த முடிவுகள் சரியா என்ற விவாதம் வேறு. ஆனால் அமைச்சகம் சொன்ன கணக்குப்படி அவற்றில் 5,789 அமைப்புகள் புதுப்பிக்க விண்ணப்பமே கொடுக்கவில்லை. விழுந்த பட்டியலில் தில்லி ஐ.ஐ.டி., ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற பெரிய பெயர்களும் இருந்தன. அத்தனை பெரிய நிறுவனங்களின் பதிவே காலாவதியாகும் என்றால், அலமாரியில் கணக்கு வைத்திருக்கும் சங்கம் எம்மாத்திரம்?

வருமான வரியிலும் பதிவுக்கு ஆயுள் உண்டு. புதிய முறையில் மறுபதிவு செய்த பழைய அமைப்புகள் பெரும்பாலானவற்றுக்கு மார்ச் 31, 2026 வரைதான் காலம் தரப்பட்டது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தின் கெடு ஆறு மாதம் முன்னதாக, செப்டம்பர் 30, 2025 ஆக இருந்தது. தணிக்கை அறிக்கைக்கும் வழக்கமாக அதே நாள்தான். சிறிய அமைப்புகளுக்குப் பதிவுக்காலம் ஐந்திலிருந்து பத்தாண்டாக நீட்டப்பட்டது நல்ல மாற்றம்.

கதவு முழுவதும் மூடவில்லை

தவறவிட்டவர்களுக்கு மன்னிப்புக் கேட்க வழி உண்டு. 2024 நவம்பரில் வந்த சுற்றறிக்கை எண் 16-இன்படி, 10, 10பி, 10பிபி படிவங்களில் ஓராண்டு வரையிலான தாமதத்தை ஆணையரே பொறுக்கலாம். அதற்கு மேல் மூன்றாண்டு வரை தலைமை ஆணையர். தாமதத்துக்கு நியாயமான காரணமும் சான்றும் வேண்டும். பல்லாண்டு நேர்மையாக இயங்கிய அறக்கட்டளைக்குக் காலக்கெடு ஒன்றை மட்டுமே காட்டி விலக்கை மறுப்பது சரியல்ல என்று குஜராத் உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் மன்னிப்பு கிடைக்கும்வரை வரிக் கோரிக்கை தலைமேல் நிற்கும். வழக்குக்குப் போகும் பணம் ஏதோ ஒரு மாணவனின் கல்விக் கட்டணம்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2025-இல் தணிக்கை அறிக்கையின் கெடு செப்டம்பர் 30-இலிருந்து அக்டோபர் 31-க்கும், பிறகு நவம்பர் 10-க்கும் போனது. ரிட்டர்ன் கெடு டிசம்பர் 10-க்கு நகர்ந்தது. நீட்டிப்பு உதவிதான். ஆனால் கடைசி நாட்களில் வரும் நீட்டிப்பு, ஒழுங்காக முடித்தவருக்குப் பயனில்லை. "எப்படியும் நீட்டுவார்கள்" என்ற நினைப்பைத்தான் வளர்க்கும். இதற்கு வேறு வழி உண்டு. அமெரிக்காவில் தொடர்ந்து மூன்று ஆண்டு ஆண்டறிக்கை தராவிட்டால்தான் விலக்கு தானாக ரத்தாகும். 2011-இல் முதல் பட்டியல் வந்தபோது சுமார் 2,75,000 அமைப்புகள் அப்படி விலக்கிழந்தன. அங்கும் கண்டிப்பு இருக்கிறது, ஆனால் முதல் தவறிலேயே கழுத்தைப் பிடிப்பதில்லை. ஏப்ரல் 1, 2026-ஐ அமல் நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், தொண்டு அமைப்புகளுக்கான விதிகளை 332 முதல் 355 வரையிலான பிரிவுகளில் ஒரே இடத்தில் திரட்டியிருக்கிறது. அதோடு, முதல்முறை தவறும் சிறிய அமைப்புக்கு எளிய மன்னிப்பையும் நடைமுறையாக்க வேண்டும்.

ஏப்ரலில் தொடங்க வேண்டும்

நம் பக்கம் செய்ய வேண்டியவை எளியவை. ஏப்ரல் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஐந்து தேதிகளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இருவர் பெயரைப் போடுங்கள். ரசீது எழுதும்போதே பான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைக்காது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். பொறுப்பாளர் மாறும்போது சாவிக்கொத்தோடு போர்டலின் கடவுச்சொல், மின்னஞ்சல், கைபேசி எண் எல்லாம் கைமாறட்டும். சங்கப் பதிவுச் சட்டம் 1860-இலேயே, ஆண்டுப் பொதுக்குழு முடிந்த 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளருக்குத் தரச் சொல்லியிருக்கிறது. யார் பொறுப்பு என்று உலகுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

கணக்கும் தணிக்கையும் அறிந்த ஓய்வுபெற்ற தமிழர்கள் இந்த நகரில் நிறைய இருக்கிறார்கள். அரசாங்கக் கோப்பில் ஒரு காற்புள்ளி தவறவிடாதவர்கள். மாதம் ஒரு மாலையை, பக்கத்திலுள்ள சின்னச் சங்கத்தின் கணக்குக்கு அவர்கள் கொடுத்தால் போதும். அன்னதானத்தில் பந்தி பரிமாறுவதைப் போல இதுவும் தொண்டுதான். யாரும் பார்க்காத இடத்தில் செய்கிற தொண்டு. ஓய்வூதியத்திலிருந்து ஐநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்த பாட்டியிடம் ரசீது கிழித்துக் கொடுத்தபோதே, அவர் பணம் சொன்ன காரியத்துக்கே போகும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டோம். அந்தக் கையெழுத்தைக் காப்பாற்ற, செப்டம்பர் 30-க்கு முன்பாக ஒருநாள் உட்கார்ந்து, நம் பெயருக்கு வந்திருக்கும் தணிக்கை அறிக்கையைத் திறந்து படித்து, 'ஏற்கிறேன்' என்று அழுத்த வேண்டும்.