மாரிக்கு முன் ஒரு போத்தல் வற்றல்

காத்தான்குடி, ஏறாவூர் என்று மட்டக்களப்பு வாவியோரம் வாழும் நமக்கு வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் நவம்பரில் மாரி இறங்கிவிட்டால், பாயில் காயும் பாவற்காய் இரண்டொரு நாளில் பூத்துப்போகும். பூத்ததைக் கழுவிப் பொரித்தால் என்ன என்பவர்கள் உண்டு. கூடவே கூடாது! சில பூஞ்சணங்களின் நஞ்சு கொதிக்கும் எண்ணெயிலும் முழுதாக அழியாது. பிள்ளைகள் உண்ணும் சோற்றில் அது வேண்டாம்.

மின் உலர்த்தி இருந்தால் இந்தக் கவலை குறையும். பாவற்காயைக் கால் அங்குலத்துக்கு மேற்படாமல் அரிந்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, 55 முதல் 60 பாகை வெப்பத்தில் வையுங்கள். சீக்கிரம் முடியட்டுமென்று சூட்டைக் கூட்டாதீர்கள். மேற்பக்கம் இறுகி, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். காய் என்றால் ஒடிய வேண்டும்; மாம்பழம் தோல்போல் வளைந்தால் போதும்.

ஆறியபின் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு போட்டு, ஒரு கிழமை தினமும் குலுக்குங்கள். உள்ளே நீர்த்துளி தெரிந்தால் மறுபடி காயவையுங்கள்.

மின்கட்டணம் பயமா? சித்திரை வெயிலில் மெல்லிய துணி மூடிக் காயவைத்தாலே போதுமே. உலர்த்தியை மாரிக்கு எடுங்கள். 2030இல் நோன்பு ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் கடைசியில் மறுமுறையும் வருகிறது. இரண்டும் மழைக்காலம். பேரீச்சம்பழத் தட்டில் இரண்டு மாம்பழத் துண்டுகளும் இருக்கட்டும்.