வெயிலில் சாகும் வைப்பர்

ஐப்பசியில் முதல் கனமழை கொட்டிய மறுநாள் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனால், கார் ஆக்சஸரீஸ் கடைகளின் வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வந்தவர்களில் பலருக்கும் வேண்டியது வைப்பர் பிளேடு. “போன மழைக்கு நல்லாத்தானே இருந்துச்சு?” என்று வண்டிக்காரர் கேட்பார். கடைக்காரர் வாயால் பதில் சொல்வதில்லை. பழைய பிளேடைக் கழற்றி ரப்பரை விரலால் வளைத்துக் காட்டுவார். ஓரம் முழுக்க மயிரிழை வெடிப்பு.

போன மழைக்கு நன்றாக இருந்தது உண்மைதான். அதற்கப்புறம் அந்த வண்டி மாசி, பங்குனி, சித்திரை என்று வெட்டவெளியில் நின்று, கத்திரியையும் தாண்டி வந்திருக்கிறது. மழையில் ஓடித் தேய்ந்ததைவிட, மழையில்லாத மாதங்களில் சூடான கண்ணாடிமேல் சும்மா படுத்துக் கிடந்ததில்தான் ரப்பர் அதிகம் கெட்டது. நம் ஊரில் வைப்பரைக் கொல்வது வெயில். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், எதை வாங்குவது, எப்போது மாற்றுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ரப்பரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே தடித்த பாகம். கீழே மெல்லிய உதடு. இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய கழுத்து. வைப்பர் வலப்பக்கம் போகும்போது உதடு இடப்பக்கம் சாய்ந்து இழுபட்டுக்கொண்டு வரவேண்டும். திரும்பும் இடத்தில் சட்டென்று புரண்டு மறுபக்கம் சாயவேண்டும். அப்படிச் சாய்ந்து வரும் கூரான விளிம்புதான் தண்ணீரை ஒரே சீராக வழிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் மட்டும் மிஞ்சும். அதுவே ரப்பருக்கு வழுவழுப்பும் தருகிறது. உதடு புரள மறுத்து விறைத்து நின்றால் கண்ணாடியைக் குத்திக் குத்தித்தான் நகரும். மழைநாளில் காதைப் பிடுங்கும் அந்தத் ‘தடதட’ சத்தம் இதுதான்.

ஏன் புரள மறுக்கிறது? வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிட வெகு அதிகமாகச் சூடேறும். அந்தச் சூட்டில், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில், ரப்பர் நாள் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறது. மாதக்கணக்கில் இப்படிக் கிடந்தால் அந்தச் சாய்வே அதன் சுபாவமாகிவிடும். பிறகு போகும்போது சுத்தமாக வழிக்கும், திரும்பி வரும்போது துள்ளும். கூடவே புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் மேல்தோலை வெடிக்கச் செய்கின்றன. இயற்கை ரப்பருக்கு ஓசோன் பரம விரோதி. அதனால்தான் தயாரிப்பாளர்கள் விளிம்பைக் குளோரினால் பதப்படுத்துகிறார்கள், கிராஃபைட் பூசுகிறார்கள், செயற்கை ரப்பர் சேர்க்கிறார்கள். இவை ஆயுளைக் கூட்டும். ஆனால், கத்திரியை முழுதாக ஜெயித்த ரப்பர் கிடையாது.

இத்தனைக்கும் இந்தப் பொருள் பிறந்தது கடுங்குளிருக்காக. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பெண்மணி மேரி ஆண்டர்சன், ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் போயிருந்தார். அங்கே டிராம் ஓட்டுநர் ஒருவர், பனி அப்பிய முன்கண்ணாடியைத் திறந்துவைத்து, முகத்தில் பனி அடிக்க அடிக்க வண்டி ஓட்டியதைப் பார்த்தார். ஊர் திரும்பியவர், உள்ளிருந்தபடியே கைப்பிடியால் அசைக்கும் ரப்பர் துடைப்பான் ஒன்றை வடிவமைத்து, 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். வாங்கத்தான் ஆளில்லை. 1920இல் காப்புரிமை காலாவதியானது. 1922இல் காடிலாக் நிறுவனம் தன் கார்களில் வைப்பரை வழக்கமான பாகமாகவே ஆக்கிவிட்டது.

அந்தக் கைப்பிடி இன்னும் சாகவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்கண்ணாடியுள்ள மற்ற வண்டிகளுக்கு மோட்டாரில் ஓடும் வைப்பரைக் கட்டாயமாக்கிவிட்டு, முச்சக்கர வண்டிக்கு மட்டும் கையால் இயக்குவதை அனுமதிக்கின்றன. அடைமழையில் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் வைப்பர் குச்சியையும் பிடித்தபடி ஓட்டும் ஆட்டோக்காரர், மேரி ஆண்டர்சனின் கருவியைத்தான் கிட்டத்தட்ட அதே வடிவில் பயன்படுத்துகிறார்.

தூறலுக்கு உதவும் விட்டுவிட்டு ஓடும் வேகத்துக்கும் ஒரு வழக்குக் கதை உண்டு. டெட்ராய்ட் பொறியாளர் ராபர்ட் கேர்ன்ஸ், 1953இல் தன் திருமண இரவில் ஷாம்பெயின் புட்டியின் தக்கை தெறித்து இடது கண்ணின் பார்வையை ஏறக்குறைய இழந்தவர். கண் இடைவிட்டு இமைக்கிறதே, வைப்பர் மட்டும் ஏன் ஓயாமல் ஆடவேண்டும் என்று யோசித்து, 1960களில் அதற்கான மின்சுற்றை உருவாக்கினார். பெரிய கார் கம்பெனிகள் தன் யோசனையை எடுத்துக்கொண்டுவிட்டதாக அவர் தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. 1990இல் ஃபோர்டு ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து முடித்துக்கொண்டது. 2008இல் இது ஹாலிவுட் படமாகவும் வந்தது. இவ்வளவு போராடிக் கிடைத்த அந்த ‘இன்ட்’ நிலையை நம்மில் பலர் தொடுவதே இல்லை. பொடித்தூறலிலும் முழு வேகத்தில் விட்டுவிடுகிறோம். ஈரம் போதாத கண்ணாடியில் ஓடும் ஒவ்வொரு வீச்சும் விளிம்பை மழுக்கும்.

இனி கடைக்குப் போவோம். முதலில் நீளம். வைப்பர் இன்ச் கணக்கில் விற்கிறது; பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கத்துப் பிளேடு நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும். வண்டியின் மாடலைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தந்துவிடுவார். ஆனாலும், வீட்டிலேயே டேப் வைத்து அளந்துகொண்டு போவது நல்லது. ஒரே பெயரில் தலைமுறை மாறிய கார்களுக்கு அளவும் மாறியிருக்கலாம். ‘கொஞ்சம் பெரிசா போட்டா இன்னும் நல்லாத் தெரியும்’ என்ற யோசனையைக் கேட்காதீர்கள். இரண்டு பிளேடுகளும் நடுவில் மோதிக்கொள்ளும், அல்லது ஓரத்துத் தூணில் போய் இடிக்கும்.

அடுத்தது கொக்கி. வைப்பர் கையின் நுனி ‘யு’ வடிவத்தில் வளைந்திருந்தால் பிரச்சினையில்லை. கடையில் தொங்கும் பெரும்பாலான பிளேடுகள் அதற்குப் பொருந்தும். பக்கவாட்டில் பின் செருகுவது, பட்டனை அமுக்கிக் கழற்றுவது என்று வேறு வகைகளும் உண்டு. பழைய பிளேடைக் கையோடு எடுத்துப்போனால் வாக்குவாதம் மிச்சம்.

அதன் பிறகுதான் ஃப்ரேம் வகையா, ஃபிளாட் வகையா என்ற கேள்வி. இரும்புச் சட்டத்தில் நாலைந்து பிடிகள் ரப்பரைக் கவ்வியிருப்பது ஃப்ரேம் பிளேடு. விலை குறைவு. ஃபிளாட் பிளேடில் சட்டமே கிடையாது. வளைத்துச் செய்த ஸ்பிரிங் எஃகுப் பட்டை ஒன்று முதுகெலும்பாக நின்று நீளம் முழுக்க அழுத்தத்தைப் பகிர்ந்து தருகிறது. வேகமாகப் போகும்போது காற்று தூக்காது; பார்க்கவும் லட்சணம். ஆனால், அந்தப் பட்டையின் வளைவு உங்கள் கண்ணாடியின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். பெயர் தெரியாத மலிவு ஃபிளாட் பிளேடுகள் பல இங்கேதான் தோற்கின்றன. நடுவில் பளிச்சென்று வழித்துவிட்டு இரண்டு நுனிகளிலும் ஒரு சாண் தண்ணீரை அப்படியே விட்டுவைக்கும். வண்டியோடு வந்தது ஃப்ரேம் பிளேடென்றால் நல்ல ஃப்ரேம் பிளேடையே மறுபடி போடுவதில் எந்தக் குறையும் இல்லை. சிலிக்கான் ரப்பர் வெயிலை நன்றாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும்; வண்டி எப்போதும் தெருவில் நிற்கிறது என்றால் யோசிக்கலாம். என்னைக் கேட்டால், மூன்று வருடம் உழைக்கும் என்று நம்பி வாங்கிய விலையுயர்ந்த பிளேடைவிட, வருடாவருடம் மாற்றும் சாதாரண பிளேடு மழையில் தெளிவாகக் காட்டும்.

ஃப்ரேமுக்குத் தனியாக ரப்பர் மட்டும் வாங்கிச் செருகும் வழக்கமும் உண்டு. சட்டம் துருப்பிடிக்காமல், இணைப்புகள் ஆட்டம் காணாமல் இருந்தால் சிக்கனமான வழி. ரப்பரைச் செருகியபின் கடைசிப் பிடி பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ரப்பர் பாம்புபோல நழுவி வெளியே வந்துவிட்டால், வெறும் இரும்பு கண்ணாடியைக் கீறும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், பல ஆயிரம் ரூபாய்க் கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கும்.

மாற்றுவது எப்போது? சென்னை, கடலூர், டெல்டா மாவட்டக்காரர்களுக்குப் புரட்டாசிக் கடைசி. நீலகிரி, கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை முதலில் வாங்குபவர்கள் வைகாசி நடுவிலேயே பார்த்துவிட வேண்டும். கத்திரிக்கு முன்னால் புதுசு போடுவது, அதை நேராக அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

எல்லாக் குறைக்கும் வைப்பர்மேலேயே பழிபோடவும் முடியாது. ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுகிறதென்றால் விளிம்பில் மண்ணோ பிசினோ ஒட்டியிருக்கலாம். ஈரத்துணியால் ரப்பரை நீளவாக்கில் துடைத்தால் துணியில் கறுப்புக் கோடு இறங்கும், கண்ணாடியில் கோடு மறையும். துடைத்தும் போகவில்லையென்றால் விளிம்பு கிழிந்திருக்கிறது. ரப்பரில் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் தடவும் வைத்தியம் வேண்டாம். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், கண்ணாடியிலும் படலம் விரிக்கும். இரவில் எதிர்வண்டியின் வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுக்கப் பால் தெளித்தாற்போல் மங்குகிறதா? அது டீசல் புகையும் தூசும் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு. புது பிளேடு போட்டாலும் தீராது, கண்ணாடியைத்தான் தேய்த்துக் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் விட்ட இடத்தில் முன்கண்ணாடிக்கும் சேர்த்துப் பாலிஷ் போட்டுவிட்டால், மறுநாளே வைப்பர் துள்ளத் தொடங்கும். கண்ணாடியில் பாலிஷ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பிசுக்கின் சூட்சுமம் லாரி ஓட்டுநர்களுக்கு நன்றாகத் தெரியும். வைப்பர் கைவிட்டால் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பார்கள், கிடைத்தால் உருளைக்கிழங்கு. தேய்த்த இடத்தில் மழைநீர் முத்துமுத்தாகத் திரளாமல் பாய்போல விரிந்து வழியும், பாதை ஓரளவு தெரியும். அடுத்த ஊர் மெக்கானிக் வரை போய்ச்சேர அது போதும்.

போர்வெல் தண்ணீர் இன்னொரு தலைவலி. உப்புத் தண்ணீரை வாஷர் டேங்கில் ஊற்றினால் பீச்சுகுழல் அடைத்துக்கொள்ளும், கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் பொரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றலாம், வாஷர் லிக்விட் சேர்த்தால் இன்னும் நல்லது. அடைத்த குழலை மெல்லிய ஊசியால் குத்திவிடலாம். புழுதி படிந்த கண்ணாடியில் தண்ணீர் பீச்சாமல் வைப்பரை ஓடவிடுவது மணல்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். அந்த வில் வடிவக் கீறல்கள் எதிர்வெயிலில் ஓட்டும்போது நன்றாகத் தெரியும்; எந்தப் புது ரப்பரும் அவற்றை அழிக்காது.

வைப்பர் ஓடியும் தெளியவில்லையென்றால் ஒரு விரலால் கண்ணாடியின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். மழைக்குளிரில் நாலு பேர் உட்கார்ந்து மூச்சுவிட்டால் ஈரம் உள்ளே படியும். ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சில நிமிடங்களில் விலகும். கடலோர ஊர்களின் புழுக்கமான இரவில் இதற்கு நேர்மாறாக நடக்கும். சில்லென்ற ஏ.சி. காற்று கண்ணாடியைக் குளிரவைக்க, வெளிப்புறத்தில் பனி படியும். அப்போது வைப்பரை ஒரு தடவை ஓடவிட்டு, குளிரைக் கொஞ்சம் குறைத்தால் போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஓடும் வண்டியில் உள்கண்ணாடியைக் கர்சீப்பால் துடைத்துக்கொண்டே ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

நிறுத்திய காரில் வைப்பரைத் தூக்கி நிறுத்துவது சரியா என்பது அபார்ட்மென்ட்களில் ஓயாத பட்டிமன்றம். ரப்பர் சூட்டுக் கண்ணாடியில் அழுந்தாமல் இருக்கும், அது நிஜம். ஆனால், தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளோ பலத்த காற்றோ அந்தக் கையைத் தட்டிவிட்டால் ஸ்பிரிங் வேகத்தில் வந்து கண்ணாடியில் அறையும். நிழல் கிடைத்தால் அதுவே மேல். வேப்பமரத்தடியா, புங்கமரத்தடியா என்றால் உதிரும் பூவையும் இலையையும் வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளத்திலிருந்து அவ்வப்போது அள்ளிவிடுங்கள். அங்கே அடைத்தால் மழைநீர் வழி தேடி வண்டிக்குள் இறங்கும்.

நீங்களே பிளேடு மாற்றுவதென்றால் முதலில் கண்ணாடிமேல் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். பிளேடு கழன்ற வெறும் கை நழுவி விழுந்து கண்ணாடி விண்டுபோவது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது. புதுப் பிளேடு ‘க்ளிக்’ என்று உட்கார்ந்ததும், தண்ணீர் பீச்சி நாலு வீச்சு ஓடவிட்டுப் பாருங்கள். ஹேட்ச்பேக்கோ எஸ்யூவியோ வைத்திருப்பவர்கள் பின்கண்ணாடிக்கும் ஒரு நடை போய்வரலாம். பல வண்டிகளில் அங்கே இருப்பது ஷோரூமிலிருந்து வந்த அதே ரப்பர்தான்.